அந்த பென்சில் எதுக்கு தாத்தா?

உண்மையைச் சொல்லுங்க. உங்க மினி ப்ராஜெக்ட்டோட எஸ்.ஆர்.எஸ். டாக்குமென்ட்டை எப்போ எழுதினீங்க? ப்ராஜெக்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியா, இல்ல ஸ்பைரல் பைண்டிங் போடுறதுக்கு முந்தின நாள் ராத்திரியா?

நாங்க முந்தின நாள் ராத்திரி. சீனியர் அக்கா ஒருத்தங்க அனுப்பின வேர்டு ஃபைலைத் திறந்து, லைப்ரரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்னு இருந்த இடத்துல எல்லாம் எங்க ப்ராஜெக்ட் பேரைப் போட்டு ரீப்ளேஸ் ஆல் அடிச்சோம். ஆறாம் பக்கத்துல, புத்தகத்தை லேட்டா திருப்பிக் கொடுத்தா ஃபைன் போடணும்ங்கிற ரூல் மட்டும் எப்படியோ தப்பிச்சு அப்படியே நின்னுக்கிச்சு. எங்க ப்ராஜெக்ட் பூ வியாபாரத்துக்கான பில்லிங் ஆப். ரிவ்யூ பேனல்ல ஒருத்தர்கூட அதைக் கவனிக்கலை. நாங்களே கவனிச்சது மார்க் வந்து ரெண்டு மாசம் கழிச்சுத்தான்.

இதை இப்போ ஏன் கிளறுறேன்னா, இந்த செமஸ்டர் ப்ளேஸ்மென்ட்ல எனக்குக் கிடைச்ச வேலையோட பேரு ரிக்வயர்மென்ட் அனலிஸ்ட். ஆஃபர் லெட்டரைப் பார்த்த என் க்ளாஸ்மேட் கேட்ட முதல் கேள்வி, "அப்போ கோடிங் இல்லையா?" அடுத்து துக்கம் விசாரிக்க வந்தவங்க மாதிரி குரலைத் தாழ்த்தி, "பரவாயில்ல விடு, அப்புறமா டெவலப்மென்ட்டுக்கு மாறிக்கலாம்." இன்னொருத்தன் நேராவே சொல்லிட்டான், கோடிங் வராதவங்க போற வேலை அதுன்னு. எனக்கு கோடிங் வரும். அதனால கோபம் வரலை. ஆனா இந்த நினைப்பு தப்புன்னு எனக்குத் தெரியும். அதைத் தெரிஞ்சுக்க ஒரு குடும்பத்தோட மானம் செலவாச்சு. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல வேலை என்னன்னு சொல்லிடுறேன். ஒரு சாஃப்ட்வேர் யாருக்காகச் செய்யப்படுதோ அவங்களுக்கு என்ன வேணும்னு கண்டுபிடிச்சு, அதை அவங்களும் ஒத்துக்கிற மாதிரி, டெவலப்பருக்கும் டெஸ்டருக்கும் புரியுற மாதிரி எழுதி, நடுவுல அது மாறும்போதெல்லாம் அந்த மாற்றத்தையும் பிடிச்சு வைக்கிற ஆள்தான் ரிக்வயர்மென்ட் அனலிஸ்ட். கம்பெனிக்கு கம்பெனி பேரு மாறும். பிசினஸ் அனலிஸ்ட்ம்பாங்க, சிஸ்டம்ஸ் அனலிஸ்ட்ம்பாங்க, சில டீம்ல ப்ராடக்ட் ஓனரே இதைச் செய்வாரு, சின்ன ஸ்டார்ட்அப்ல டெவலப்பரே செஞ்சுக்குவாரு. பேரு எதுவா இருந்தாலும் யாரோ ஒருத்தர் செஞ்சே ஆகணும். செய்யலைன்னா என்னாகும்ங்கிறதுக்கு எங்க ஆப்தான் சாட்சி.

என் சித்தப்பா நிலக்கோட்டை பூ மார்க்கெட்ல கமிஷன் கடை வச்சிருக்கார். சுத்துப்பட்டு கிராமத்துல இருந்து மல்லி, முல்லை, பிச்சி, சம்பங்கின்னு விடியறதுக்கு முன்னாடியே விவசாயிங்க கொண்டு வருவாங்க. கடையில எடை போட்டு, வியாபாரிங்களுக்கு வித்துக் கொடுத்து, கமிஷன் எடுத்துக்கிட்டு மீதியை விவசாயிக்குக் கொடுப்பாங்க. கணக்கு எழுதுறது ஒரு தாத்தா. எங்களுக்குச் சொந்தம் இல்ல, ஆனா எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அவர்தான் அந்தக் கடையோட கணக்குப்பிள்ளை.

மூணாவது வருஷம் மினி ப்ராஜெக்ட்டுக்கு "ரியல் டைம் க்ளையன்ட்" இருந்தா எக்ஸ்ட்ரா மார்க்னு சொன்னாங்க. சித்தப்பாவுக்கு போன் போட்டேன். 11 நிமிஷம் பேசினோம். அதுல பாதி நேரம் அவர் என் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பத்தி விசாரிச்சார். மீதி நேரத்துல, "தினமும் கடையில என்ன நடக்கும் சித்தப்பா?"ன்னு கேட்டேன். "என்னடா, பூ வருது, எடை போடுறோம், விக்கிறோம், காசு குடுக்குறோம்." அவ்வளவுதான். இந்த நாலு வார்த்தையை வச்சுத்தான் 14 பக்க டாக்குமென்ட், மூணு வார கோடிங்.

நடுவுல ஒருநாள் தாத்தாகிட்டயும் பேசினேன். அப்போதான் யூடியூப்ல ஒரு வீடியோ பார்த்திருந்தேன், யூசரோட பெயின் பாயிண்ட்ஸ் கேக்கணும்னு. அப்படியே கேட்டேன், "உங்க பெயின் பாயிண்ட்ஸ் என்ன தாத்தா?" அவர் யோசிச்சு, "வலது முட்டிதான் பாப்பா. உக்காந்தா எந்திரிக்க முடியல." நாங்க நாலு பேரும் அதை ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சோம். அது ஜோக் இல்ல, அதுதான் அவர் எங்களுக்குக் கொடுத்த முதல் ரிக்வயர்மென்ட்னு அப்போ தெரியலை.

ஆப்பை எடுத்துட்டுப் போன அன்னைக்குக் காலையில அஞ்சு மணி. ஒரு மேசை போட்டு லேப்டாப்பையும் சின்ன பில் ப்ரின்டரையும் வச்சோம். தாத்தா உக்கார்ற இடம் தராசுக்குப் பக்கத்துல, தரையில, பாய் விரிச்சு, முன்னாடி சாய்வா ஒரு சின்ன மரப்பெட்டி. லேப்டாப் இருந்த மேசை பத்தடி தள்ளி. ஒவ்வொரு பில்லுக்கும் அவர் எந்திரிச்சு வரணும். முட்டி.

அடுத்தது ரேட். எங்க ஃபார்ம்ல பேர், பூ, கிலோ, ரேட்னு நாலு கட்டம். நாலும் நிரப்பினாத்தான் சேவ் பட்டன் வேலை செய்யும். வேலிடேஷன் பக்காவா போட்டிருந்தோம், அதுல எங்களுக்குப் பெருமை வேற. ஆனா பூ வர்ற நேரத்துல ரேட் யாருக்கும் தெரியாது! வியாபாரிங்க வந்து, அன்னைக்கு வரத்து எவ்வளவு, முகூர்த்தமா இல்லையா, வெளியூர் வண்டி வந்துச்சான்னு பார்த்து ஏறி இறங்கி, ஒன்பது மணிக்கு மேலதான் ஒரு ரேட் முடிவாகும். அதுவரைக்கும் எடை மட்டும்தான். வரிசை நீண்டுக்கிட்டே போச்சு. தாத்தா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு எல்லாருக்கும் ரேட் 1-ன்னு போட ஆரம்பிச்சார். ஒரு பெரியவருக்கு மூணரைக் கிலோ மல்லிக்கு மூணு ரூபா அம்பது காசுன்னு ப்ரின்ட் ஆகி வந்துச்சு. அவர் அதை வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணுல நிக்குது.

இது வரைக்கும் சிரிச்சுட்டுப் போயிடலாம். அடுத்தது அப்படி இல்ல.

விவசாயிங்க நிறைய பேர் கடையில முன்பணம் வாங்கியிருப்பாங்க. செடிக்கு, மருந்துக்கு, பிள்ளைங்க படிப்புக்கு. பூ கொண்டு வரும்போது கொஞ்சம் கொஞ்சமா கழிப்பாங்க. இது தெரிஞ்சதால நாங்க புத்திசாலித்தனமா ஒண்ணு செஞ்சிருந்தோம். பேரை செலக்ட் பண்ணினதும் அவங்க மொத்த பாக்கி திரையில பெருசா, சிவப்பு கலர்ல வரும். லேப்டாப் திரை இருந்தது வரிசையில நிக்கிறவங்க பக்கம். ஒரு அக்கா வந்தாங்க. பேரைத் தட்டினேன். ஐந்து இலக்கத்துல ஒரு தொகை. பின்னாடி நின்னவங்க அவங்க ஊர்க்காரங்க. ஒருத்தர், "ஏத்தா, இம்புட்டா வாங்கியிருக்க?"ன்னு கேட்டுட்டார். அந்த அக்கா பதில் சொல்லலை. பூவை வச்சுட்டு சிட்டைகூட வாங்காமப் போயிட்டாங்க. அடுத்த ரெண்டு நாள் கடைக்கு வரலை. சித்தப்பா அவங்க வீட்டுக்கே போய்ப் பேசிட்டு வந்தார். திரும்பி வந்து என்னைத் திட்டலை. "அந்தப் பொட்டிய எடுத்துட்டுப் போயிடுறா"ன்னு மட்டும் சொன்னார். வாங்கின பணம் பொண்ணோட காலேஜ் ஃபீஸுக்குன்னு அப்புறம் தெரிஞ்சது. அந்தப் பொண்ணுக்கும் என் வயசுதான் இருக்கும்.

எங்க டாக்குமென்ட்ல செக்யூரிட்டின்னு ஒரு தலைப்பு இருந்துச்சு. அதுக்குக் கீழ பாஸ்வேர்டு எட்டு எழுத்து இருக்கணும்னு எழுதியிருந்தோம். அதுவும் அந்த லைப்ரரி ஃபைல்ல இருந்து வந்ததுதான்.

காலேஜுக்குத் திரும்பி வந்து ரிவ்யூல நின்னப்போ இதையெல்லாம் சொல்லலாம்னு நினைச்சேன். பேனல்ல கேட்ட ஒரே கேள்வி, "இதுல எம்.எல். எங்கம்மா இருக்கு?" அடுத்த ரிவ்யூவுக்கு நாங்களே கற்பனையா போட்ட முப்பது நாள் ரேட்டை வச்சு லீனியர் ரெக்ரஷன்ல பூ விலை கணிப்புன்னு ஒரு ஸ்க்ரீன் சேர்த்தோம். க்ராஃப் அழகா இருந்துச்சு, மார்க்கும் வந்துச்சு. அந்த ஆப்பை அந்தக் கடையில யாரும் தொடலைங்கிறது மார்க் ஷீட்ல எங்கயும் வராது.

இது சின்னக் கடை, கத்துக்குட்டிங்க செஞ்ச ஆப், இதைப் போய் பெருசா பேசணுமான்னு நீங்க கேக்கலாம். நானும் அப்படி நினைச்சுத்தான், பெரிய இடத்துல பெரிய ஆளுங்க இந்தத் தப்பைச் செய்வாங்களான்னு தேடினேன். கிடைச்சது லண்டன் ஆம்புலன்ஸ் சர்வீஸ். 1992 அக்டோபர் 26. அதுவரைக்கும் அங்க போன் வந்தா ஒரு படிவத்துல எழுதி, கன்வேயர் பெல்ட்ல வச்சு அனுப்பி, எந்த வண்டி போகணும்னு ஆளுங்க முடிவு பண்ணுவாங்க. அன்னைக்கு அதை கம்ப்யூட்டர்கிட்ட கொடுத்தாங்க. எந்த வண்டி எங்க இருக்கு, ஆளோட இருக்கா காலியா இருக்காங்கிறது எப்பவும் துல்லியமா தெரியும்ங்கிற நம்பிக்கையில கட்டின சிஸ்டம். நடைமுறையில ரேடியோ எட்டாத இடங்கள் இருந்துச்சு, அவசரத்துல பட்டனை மாத்தி அழுத்தினாங்க, சிலர் அழுத்தவே இல்ல. சிஸ்டத்துக்கு வண்டிங்க இருக்கிற இடம் தப்பா தெரிய ஆரம்பிச்சது. ஒரே இடத்துக்கு ரெண்டு வண்டி போச்சு, இன்னொரு இடத்துக்கு வண்டியே வரலை. வராததால ஜனங்க திரும்பத் திரும்பக் கூப்பிட்டாங்க. எச்சரிக்கை மெசேஜ் குவிஞ்சு, முக்கியமானது கண்ணுல படாம மேல ஓடிப் போச்சு. மறுநாள் மதியம் பாதி வேலையை மறுபடி ஆளுங்க கைக்கு மாத்தினாங்க. நவம்பர் 4 அன்னைக்கு சிஸ்டம் மொத்தமா நின்னப்போ பேப்பருக்கே போயிட்டாங்க.

இதுல என்னை உலுக்கின விஷயம் வேற. 1993-ல வந்த விசாரணை அறிக்கை, அக்டோபர் 26, 27 அன்னைக்கு கம்ப்யூட்டர் தொழில்நுட்ப அர்த்தத்துல செயலிழக்கலைன்னு சொல்லுது. அது எப்படி வடிவமைக்கப்பட்டதோ பெரும்பாலும் அப்படியேதான் வேலை செஞ்சது. நவம்பர் 4-ல நடந்ததுதான் ப்ரோக்ராம் பிழை. சர்வரோட மெமரியில கொஞ்சம் கொஞ்சமா விடுவிக்காம விட்ட, நம்ம எல்லாரும் செய்யுற மாதிரி ஒரு பிழை. அந்த முதல் ரெண்டு நாள் நடந்த குளறுபடிக்கு டீபக்கர் வச்சுத் தேடினாலும் ஒரு தப்பான வரி கிடைக்காது. வண்டி ஓட்டுறவங்களைப் பக்கத்துல உக்கார வச்சு, "மழையில, ராத்திரி மூணு மணிக்கு, ஸ்ட்ரெச்சரைத் தூக்கும்போது இந்தப் பட்டனை அழுத்துவீங்களா?"ன்னு கேட்டிருக்கணும். அந்த ஊழியர்களை டிசைன்ல சரியா சேர்த்துக்கலைன்னும் அதே அறிக்கை சொல்லுது.

எங்க ரேட் கட்டமும் அப்படித்தானே? பக் இல்ல. எழுதினபடி கச்சிதமா வேலை செஞ்சது.

சரி, அப்போ பெரிய டாக்குமென்ட் எழுதிட்டா தப்பிச்சுடலாமா? அதுவும் இல்ல. அமெரிக்காவோட எஃப்.பி.ஐ. வர்ச்சுவல் கேஸ் ஃபைல்னு ஒரு சிஸ்டம் செஞ்சாங்க. அதோட ரிக்வயர்மென்ட் டாக்குமென்ட் 800 பக்கத்துக்கு மேல. பாதிப் பக்கம் ஸ்க்ரீன் எப்படி இருக்கணும்னு விவரிக்கிற மாதிரி இருந்தா, யாருக்கு எதுக்கு வேணும்ங்கிறது அதுல தொலைஞ்சுடும். நடுவுல தேவைகளும் மாறிக்கிட்டே இருந்துச்சு. சுமார் 170 மில்லியன் டாலர் செலவழிச்சு 2005-ல கைவிட்டாங்க. பக்கத்தை எண்ணி மார்க் போடுற நம்ம பழக்கத்தை நினைச்சுக்கிட்டேன்.

நம்ம சிலபஸ்ல இந்த விஷயமே இல்லைன்னு சொல்ல முடியாது. சாஃப்ட்வேர் எஞ்சினியரிங் பேப்பர்ல ரெண்டாவது யூனிட் முழுக்க இதுதான். ஃபங்ஷனல், நான்-ஃபங்ஷனல் வித்தியாசத்தை ரெண்டு மார்க்குக்கு நான் மூணு தடவை எழுதியிருக்கேன். பெட்ரி நெட்கூட வரைஞ்சிருக்கேன். ஆனா நான்-ஃபங்ஷனல்னா என்னன்னு எனக்குப் புரிஞ்சது, அந்த அக்கா சிட்டை வாங்காமப் போன முதுகைப் பார்த்தப்போதான்.

லீவுல மறுபடி கடைக்குப் போனேன், இந்தத் தடவை லேப்டாப் இல்லாம. சித்தப்பாகிட்ட, "ஒண்ணும் மாட்ட மாட்டேன், சும்மா ஓரமா உக்காந்திருக்கேன்"னு கெஞ்சித்தான் அனுமதி வாங்கினேன். நாலு நாள், காலையில நாலரையில இருந்து பதினொண்ணு வரைக்கும் தாத்தா பக்கத்துல ஒரு நோட்டோட உக்காந்தேன். ரிக்வயர்மென்ட் அனலிஸ்ட்டுக்கு என்ன ஸ்கில் வேணும்னு என்னைக் கேட்டா, முதல்ல சொல்றது இதுதான், வாயை மூடிக்கிட்டு உக்காரத் தெரியணும். கேள்வி கேட்டா ஜனங்க வழக்கமா நடக்குறதை மட்டும்தான் சொல்வாங்க. "பூ வருது, எடை போடுறோம்" மாதிரி. சித்தப்பா பொய் சொல்லலை. இருபது வருஷமா செய்யுற வேலையில அவருக்கே தெரியாம கை செய்யுற விஷயங்கள் இருக்கு. அதை அவரால சொல்ல முடியாது, நாமதான் பார்க்கணும்.

ரெண்டாவது நாள்தான் பென்சிலைப் பார்த்தேன். தாத்தா பெட்டியில ஒரு பேனா, ஒரு பென்சில். எடையைப் பேனாவுல எழுதுறார். பக்கத்துல சில வரிக்கு மட்டும் பென்சில்ல ஏதோ குறிக்கிறார். பத்து மணிக்கு மேல அந்தப் பென்சில் எழுத்துல பாதியை அழிச்சுட்டுப் பேனாவுல எழுதுறார். "அந்தப் பென்சில் எதுக்கு தாத்தா?"ன்னு கேட்டேன். நான் கேட்டதுலயே உருப்படியான முதல் கேள்வி அதுதான். அரை மணி நேரம் பேசினார். வியாபாரி பாதியில சொல்லிட்டுப் போன ரேட்டு பென்சில். ஈரப் பூவா இருந்தா கையில அள்ளிப் பார்த்து, எவ்வளவு கழிக்கலாம்னு மனசுல போடுற கணக்கு பென்சில். வீட்டுல ஆஸ்பத்திரி செலவு இருக்கு, இன்னைக்கு முன்பணத்துல பிடிக்காதீங்கன்னு காதுல வந்து சொல்லிட்டுப் போனவங்களுக்கு ஒரு சின்னப் புள்ளி, அதுவும் பென்சில். முடிவானது எல்லாம் பேனா. இன்னும் பேசித் தீரலைன்னா பென்சில்.

இதை எங்க டேட்டாபேஸ்ல எந்த டேபிள்ல வச்சிருந்தோம்? எங்கயும் இல்ல. எங்க ஆப்ல எல்லாமே பேனா.

இன்னொண்ணும் பார்த்தேன். முன்பண நோட்டு தனியா பெட்டிக்குள்ள இருக்கும். யாராவது தன் கணக்கைக் கேட்டா, தாத்தா அந்தப் பக்கத்தைத் திருப்பி, மேல கீழ இருக்கிற மத்தவங்க வரியை உள்ளங்கையால மறைச்சுக்கிட்டு அவங்க வரியை மட்டும் காட்டுவார். நாம ஆக்சஸ் கன்ட்ரோல்னு படிக்கிறது அந்தக் கைதான். முதல் தடவையே அரை மணி நேரம் பக்கத்துல உக்காந்திருந்தா அந்தக் கையைப் பார்த்திருப்பேன், அந்த அக்காவும் தலை குனிஞ்சிருக்க மாட்டாங்க.

ஆப் வேகமா இருக்கணும்னு சித்தப்பா சொல்லியிருந்தார். எல்லா டாக்குமென்ட்லயும் இந்த வரி இருக்கும், இதை வச்சு யாராலயும் எதையும் டெஸ்ட் பண்ண முடியாது. வேகம்னா எவ்வளவு? போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சுப் பார்த்தேன். தராசுல பூ இறங்கினதுல இருந்து கைக்குச் சிட்டை போறதுக்கு தாத்தாவுக்கு ஏறக்குறைய இருபது செகண்ட். எங்க ஆப்ல கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் ஆச்சு. அப்போ ரிக்வயர்மென்ட், "சிட்டை 20 செகண்டுக்குள்ள வரணும்." இப்படி எழுதினா டெவலப்பருக்கும் வேலை தெரியும், டெஸ்டருக்கும் வேலை தெரியும், முடிஞ்சதா இல்லையான்னு சண்டை வராது.

எல்லாருக்கும் ஒரே தேவை இருக்காது, அதையும் அங்கதான் பார்த்தேன். தினமும் கணக்கை எஸ்.எம்.எஸ். அனுப்பணும்னு சித்தப்பாவுக்கு ஆசை. ஒரு விவசாயி என்கிட்ட வந்து, "எனக்கு மட்டும் அனுப்பிடாத தாயி, போன் என் மகன்கிட்ட இருக்கு, துட்டு வந்தது தெரிஞ்சா பிடுங்கிருவான்"னு சொன்னார். இந்த மாதிரி இடத்துல யார் பக்கம் நிக்கிறதுன்னு எந்த டெக்ஸ்ட்புக்கும் சொல்லாது. காசு கொடுக்கிறவர் சித்தப்பா, பாதிக்கப்படுறவர் இவர். கேட்டவங்களுக்கு மட்டும் எஸ்.எம்.எஸ்.னு முடிவு பண்ணி, ஏன்னு சித்தப்பாவுக்குப் புரிய வச்சேன். மகன் கதையைச் சொல்லாமலே புரிய வைக்கிறதுதான் கஷ்டமா இருந்துச்சு.

அடுத்து மொழி. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருக்கு. நான் எல்.கே.ஜி.யில இருந்து இங்கிலீஷ் மீடியம். ப்ளஸ் டூ-ல மார்க்குக்காகத் தமிழை விட்டுட்டு ஃப்ரெஞ்ச் எடுத்தவ. இந்தக் கட்டுரையிலயே ஒற்றுப்பிழை எல்லாம் எடிட்டோரியல் டீம் பார்த்துக் கொடுத்ததுதான். முதல் டாக்குமென்ட் முழுக்க இங்கிலீஷ்ல இருந்ததால அதைப் படிச்சுச் சரி பார்க்க வேண்டிய ஒரே ஆளான தாத்தா படிக்கவே முடியலை. யூசர் படிக்க முடியாத டாக்குமென்ட்டை யூசர் ஒத்துக்கிட்டார்னு கடைசிப் பக்கத்துல கையெழுத்து வேற வாங்கியிருந்தோம். சித்தப்பா பாசத்துல போட்ட கையெழுத்து.

ரெண்டாவது தடவை தமிழ்ல எழுதினேன். ரெண்டே பக்கம். எழுதி தாத்தாகிட்ட சத்தமா வாசிச்சுக் காட்டினேன். "பாக்கி"ங்கிற வார்த்தை வந்ததும் நிறுத்தினார். "யாருக்கு யாரு பாக்கி பாப்பா?" நான் முழிச்சேன். விவசாயி, "என் பாக்கி எவ்வளவு?"ன்னு கேட்டா கடை அவருக்குத் தர வேண்டியது. சித்தப்பா, "அவன் பாக்கி எவ்வளவு?"ன்னு கேட்டா அவர் கடைக்குத் தர வேண்டியது. ஒரே வார்த்தை, நேர் எதிரான ரெண்டு அர்த்தம். எங்க ஆப்ல பாக்கின்னு ஒரே ஒரு காலம். அவரே சொல்லிக் கொடுத்தார், "கடை தரணும்"னு ஒண்ணு, "அவங்க தரணும்"னு ஒண்ணு போட்டுரு, யாரு வாசிச்சாலும் குழப்பம் வராது. இங்கிலீஷ்ல பெண்டிங் அமௌன்ட்னு எழுதியிருந்தேன். அதுலயும் இதே ஓட்டை இருந்திருக்கு, யாரும் சத்தமா வாசிக்காததால தெரியலை.

அதனால என் கருத்து இதுதான், கோபம் வந்தாலும் பரவாயில்ல. கேம்பஸ்ல கம்யூனிகேஷன் ஸ்கில்ஸ்னு நமக்குச் சொல்லித் தர்றது க்ரூப் டிஸ்கஷன்ல அடுத்தவன் பேச்சை வெட்டி இங்கிலீஷ்ல பேசுறதுக்குத்தான். இந்த வேலைக்கு அது பாதிதான் பிரயோஜனப்படும். வெளிநாட்டு க்ளையன்ட் கால்ல இங்கிலீஷ் வேணும், மறுக்கலை. ஆனா எதிர்ல இருக்கிறவர் எந்த மொழியில யோசிக்கிறாரோ, அந்த மொழியில, அவர் தொழிலோட வார்த்தையில பேசத் தெரியணும். லண்டன்ல ஆம்புலன்ஸ் ஓட்டுறவரும் இங்கிலீஷ்தான் பேசினார், கேக்க வேண்டியவங்களும் இங்கிலீஷ்தான். அங்கயும் கேக்கலை.

கோடிங் தெரியாமலே இந்த வேலைக்கு வந்துடலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு டேபிளுக்கும் இன்னொண்ணுக்கும் என்ன உறவு, நெட்வொர்க் போனா டேட்டா என்னாகும்னு தெரியாத அனலிஸ்ட், முடியாததை எல்லாம் முடியும்னு க்ளையன்ட்கிட்ட தலையாட்டிட்டு வந்துடுவாங்க. சித்தப்பா நாளைய விலையை ஆப் சொல்லணும்னு கேட்டார். எங்க லீனியர் ரெக்ரஷனோட லட்சணம் எனக்குத் தெரிஞ்சதாலதான் முடியாதுன்னு சொல்ல முடிஞ்சது. இல்லைன்னு சொல்றதும் இதுல ஒரு ஸ்கில்தான்.

கஷ்டங்களையும் மறைக்கலை. ஃப்ரெஷரை நேரா இந்த ரோலுக்கு எடுக்கிற கம்பெனி கம்மி. எம்.பி.ஏ. முடிச்சவங்களோட போட்டி போடணும். சில இடத்துல அனலிஸ்ட்னு பேர் வச்சுட்டு மீட்டிங் மினிட்ஸ் எழுதவும் பி.பி.டி. அலங்கரிக்கவும் விட்டுடுவாங்கன்னு சீனியர்ஸ் சொல்றாங்க. எனக்கும் அந்த பயம் இருக்கு. சர்டிஃபிகேட் வேணும்னா ஐ.ஐ.பி.ஏ. நடத்துற இ.சி.பி.ஏ. புதுசா வர்றவங்களுக்கானது, ஐ.ஆர்.இ.பி.யோட ஃபவுண்டேஷன் லெவலும் இருக்கு. நான் இன்னும் ரெண்டும் எழுதலை.

ஆனா ஏ.ஐ. வந்துடுச்சு, எல்லா வேலையும் போயிடும்னு புலம்புறவங்க இதை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. நாங்க மூணு வாரம் உக்காந்து எழுதின முதல் ஆப்பை இப்போ ஒரு ஏ.ஐ. டூல்கிட்ட சொன்னா ஒரு சாயங்காலத்துல எழுதிக் கொடுத்துடும். அதே நாலு கட்டம், அதே கட்டாய ரேட், அதே சிவப்புத் தொகை. நான் என்ன கேட்டேனோ அதைத்தான் கொடுக்கும். கேட்டதே தப்புன்னா தப்பான ஆப் சீக்கிரமா வந்து சேரும், அவ்வளவுதான். ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1986-லயே நோ சில்வர் புல்லட்ங்கிற கட்டுரையில கிட்டத்தட்ட இதைத்தான் சொல்லிட்டார், சாஃப்ட்வேர்ல ரொம்பக் கஷ்டமான பகுதி எதைக் கட்டணும்னு துல்லியமா முடிவு பண்றதுதான்னு. டூல் மாறிக்கிட்டே இருக்கு, அந்தக் கஷ்டம் நின்ன இடத்துலயே நிக்குது.

நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு ஒரே ஒரு கோரிக்கை வைக்கிறேன். ஜீரோத் ரிவ்யூல பி.பி.டி. கேக்கறதுக்குப் பதிலா யூசரைக் கேளுங்க. நேர்ல கூட்டிட்டு வர முடியலைன்னா ஸ்பீக்கர்ல ரெண்டு நிமிஷம் போன். "இவங்க உங்ககிட்ட எத்தனை தடவை வந்தாங்க, என்ன கேட்டாங்க?"ன்னு பேனல் அவர்கிட்டயே கேக்கட்டும். அதுக்கு அஞ்சு மார்க் போடுங்க. எம்.எல். எங்கன்னு அப்புறம் கேட்டுக்கலாம். ஜூனியர்ஸ், உங்களுக்கு அதுவரைக்கும் காத்திருக்கணும்னு இல்ல. இந்த செமஸ்டர் டைட்டில் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு அரை நாள் போய் யாராவது வேலை செய்யுறதைப் பாருங்க. கேன்டீன் டோக்கன் கொடுக்கிற அண்ணன், ஜெராக்ஸ் கடை, மெக்கானிக் ஷெட், எதுவா இருந்தாலும் சரி. அங்க எங்கயாவது ஒரு பென்சில் இருக்கும்.

ரெண்டாவது ஆப்பை நான் மட்டும் லீவுல உக்காந்து எழுதினேன். தாத்தா மடியில வச்சுக்கிற மாதிரி ஒரு டேப்ல. பேர், பூ, கிலோ மட்டும் போதும், ரேட் அப்புறம். முன்பணம் எங்கயும் தெரியாது, அது இன்னும் பெட்டிக்குள்ள நோட்டுலதான், அங்கயே இருக்கட்டும்னு விட்டுட்டோம். முடிவாகாத வரி சாம்பல் கலர்ல இருக்கும், அதுக்குப் பேரே பென்சில்னு வச்சிருக்கேன். சித்தப்பா முதல்ல வேண்டாம்னுதான் சொன்னார். ஒரு மாசம் நோட்டுலயும் டேப்லயும் ரெண்டுலயும் எழுதிப் பார்த்துட்டு, சிட்டை கொடுக்க மட்டும் இப்போ டேபைப் பயன்படுத்துறாங்க. அந்த அக்கா பழையபடி பூ கொண்டு வர்றாங்க. நான் அங்க இருக்கும்போது வந்தா என் பக்கம் திரும்புறதில்லை. நானும் போய்ப் பேசலை, என்ன சொல்றதுன்னு தெரியலை.

போன வாரம் ராத்திரி ஹாஸ்டல்ல இருக்கும்போது தாத்தாகிட்ட இருந்து போன்.

"பாப்பா, பென்சில் இருக்கு. அழிரப்பர் எங்க வச்சிருக்க?"

வச்சிருக்கலை. பென்சில்ல எழுதினதை மாத்தலாம், மொத்தமா அழிக்க வழி இல்ல. டெலிட் பட்டன் ஒண்ணு போட அஞ்சு நிமிஷம் போதும், லேப்டாப் பக்கத்துலயேதான் இருந்துச்சு. அதைத் திறக்காம நோட்டை எடுத்து வச்சுக்கிட்டு, "எப்போ எப்போ அழிப்பீங்க தாத்தா?"ன்னு கேட்டேன்.

"அது ஒரு பெரிய கதை"ன்னு ஆரம்பிச்சார்.